கடைசி இரண்டு அடி

பெரியவள் கவிதை எழுதுகிறாள் என்ற சங்கதி போன வாரம்தான் வீட்டுக்குத் தெரிந்தது. தெரிந்த விதமும் சரியில்லை. நூலகத்து வாசலில் ஒட்டியிருந்த தாளில் அவள் பெயரைப் பார்த்துவிட்டு வந்த அத்தை, யாரோ செத்த சேதியைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

'என் தந்தை' என்ற தலைப்பில் போட்டி. பத்துப் பேரைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் மேடை ஏறி வாசிக்க வேண்டும்.

என்ன எழுதியிருக்கிறாய் என்று அப்பா கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதே அத்தை வழியாகத்தான். "சாப்பிட்டாளான்னு கேளு" என்று அப்பா அத்தையிடம் சொல்வார். பெரியவள் பக்கத்திலேயே தட்டோடு உட்கார்ந்திருப்பாள்.

அப்பாவை எல்லாரும் டிங்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். நசுங்கின கார்களைத் தட்டி நிமிர்த்துகிற பட்டறை வைத்திருக்கிறார். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய தங்கைதான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். சின்னவன் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். அப்பாவோடு அவனுக்குச் சண்டையும் கிடையாது, பேச்சும் கிடையாது.

அந்தச் சனிக்கிழமை காலை பட்டறையில் போன் அடித்தது.

"வணக்கம். கவிஞரோட அப்பாங்களா?"

"கவிஞரா? இங்க டிங்கர் வேலைதான் நடக்குது."

"உங்க பொண்ணைத்தான் சொல்றேங்க. நான் நூலக விழாச் செயலாளர். அவங்க நம்பர் கிடைக்கல, அதான் இங்க கூப்பிட்டேன். கவிதை உங்களைப் பத்தித்தான். படிச்சு அசந்துட்டோம். ஒரே ஒரு சின்னச் சிக்கல். மொத்தம் இருபத்திரெண்டு அடி இருக்கு."

டிங்கர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

"இருபத்திரெண்டா?"

"எண்ணிப் பாத்துட்டோங்க."

"அவ்வளவு இருக்காதே சார்."

"இருக்குங்க. நாங்க இருபதுக்கு மேல யாரையும் அனுமதிக்கிறதில்ல."

"இருபது வரைக்கும் பரவாயில்லையா?"

"இருபது எல்லாருக்கும் பொதுங்க. என் அப்பாவுக்கு நானே பதினெட்டு எழுதியிருக்கேன்."

அந்தச் செயலாளரின் அப்பாவை நினைத்து டிங்கருக்கே பாவமாக இருந்தது.

"அதனால கடைசி ரெண்டு அடியை மட்டும் எடுத்துடச் சொல்லுங்க. அது எங்களுக்கே கொஞ்சம் அதிகமாப் பட்டுது."

"பட்டுச்சு சார்" என்றார் டிங்கர். "அதிகமாத்தான் பட்டுச்சு."

"நீங்களே ஒத்துக்கிறீங்க பாருங்க. அந்த ரெண்டையும் எடுத்துட்டா கவிதைல அன்பு மட்டும் நிக்கும்."

"எடுக்க முடியுமா சார் அதை?"

"ஒரு கோடு போட்டா போச்சு" என்று சொல்லிவிட்டுச் செயலாளர் வைத்துவிட்டார்.

படித்தவர்கள் கவிதை வரியை அடி என்று சொல்வார்கள். டிங்கருக்குத் தெரிந்த அடி ஒன்றுதான்.

அவர் தன் மகளை வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் கைநீட்டி அடித்தார். அந்த நாளில் விழுந்ததும் சரியாக இரண்டு. அவள் பள்ளிக்கூடம் முடிக்கிற வயது. பட்டறைக்கு வந்திருந்த ஒருவர் கார்க் கதவைத் தடவிப் பார்த்து, பிரமாதமாக நிமிர்த்திவிட்டீர்கள் என்றார். "அப்பா நிமிர்த்தலைங்க, பட்டி பூசிட்டார்" என்றாள் பெண். பட்டி என்பது பள்ளத்தைத் தட்டி நிமிர்த்தாமல் மேலே அப்பி மறைக்கிற பசை. அவள் சொன்னது நிஜம். வந்தவர் முகம் மாறினதைத்தான் டிங்கர் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. இரண்டும் இடது கன்னத்தில் விழுந்தன. அதற்கப்புறம்தான் அத்தை வழியாகப் பேச ஆரம்பித்தார்கள். அந்த நாளைப் பற்றி யாரும் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அதை எழுதிவிட்டாள். எவனோ கோடு போடச் சொல்கிறான்.

டிங்கர் பட்டறைக் கதவை இழுத்து மூடினார்.

*

பெரியவளுக்கு மின்சாரப் புகார் அலுவலகத்தில் வேலை. கரண்ட் போனவர்கள் போன் செய்து திட்டுவார்கள். திட்டு வாங்கிக்கொண்டு தெருப் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். டிங்கர் அந்த மாடிக்கு அன்றுதான் முதல் தடவையாக ஏறினார்.

அவள் வலது காதில் மட்டும் மாட்டுகிற ஹெட்போனோடு பேசிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் திகைத்தாள். பேச்சை நிறுத்த முடியாது. இடது பக்கத்து நாற்காலியைக் கையால் காட்டிவிட்டுத் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"உங்க வீட்டுல மட்டும்தானா? பக்கத்து வீட்டுல எரியுதா? சரி, அவங்க மேல கோவப்படாதீங்க சார். அவங்க கரண்டை அவங்க வெச்சிருக்காங்க."

அந்த ஆள் வைத்துவிட்டான். அவள் புகாரைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். இடது காது சும்மாதானே இருக்கிறது என்று டிங்கர் தரையைப் பார்த்தபடி பேசத் தொடங்கினார்.

"இருபத்திரெண்டு இல்லம்மா. ரெண்டுதான். ஆனா ரெண்டும் தப்பு. நீ உண்மையத்தான் சொன்ன. அந்தாளு முன்னாடி என் மானம் போயிடுச்சுன்னு உன்னை அடிச்சேன். அடிச்ச பிறகுதான் நிஜமாவே போச்சு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். வாய் வரல."

இவ்வளவு நீளமாக அவர் யாரிடமும் பேசியதில்லை. பேசி முடித்து நிமிர்ந்தார்.

அவள் தட்டச்சு செய்து முடித்துத் திரும்பினாள். "ஏதாவது சொன்னீங்களாப்பா? இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க."

"ஏன்?"

"அந்தக் காது சரியாக் கேக்காது. சீட்டி அடிச்சுக்கிட்டே இருக்கும்."

"எப்பலேர்ந்து?"

அதற்குள் அடுத்த போன் வந்துவிட்டது. "வணக்கம், எந்தத் தெரு?" என்றாள்.

எப்பலேர்ந்து என்பது அவருக்கு விளங்கிவிட்டது. எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வலது பக்கம் போய்ப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார், யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் போல.

போன் முடிந்ததும் சொன்னார். "நூலகத்துலேர்ந்து பேசினாங்க. கடைசி ரெண்டு அடியை எடுத்துடணுமாம். எடுக்காத."

"அதுவாப்பா? எடுத்தா எடுத்துட்டுப் போகட்டும். சும்மா அழகுக்குப் போட்டதுதான்."

"அழகுக்கா?"

"கேக்கறவங்களுக்குக் கண்ணு கலங்கணும்ல."

டிங்கர் அவள் முகத்தையே பார்த்தார். "உன் காது போயிருக்கு. அது உனக்கு அழகாம்மா?"

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முதலில் சிரிப்பு வந்தது. பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அப்பா, அவர் சொன்னது கவிதை வரியை. நான் அந்த அடியை எழுதவே இல்ல."

"எழுதலியா?"

"இல்ல."

"அப்ப என்னதான் எழுதின?"

"தொட்டியைப் பத்தி எழுதினேன். நான் கைக்குழந்தையா இருந்தப்ப கார் மேல்கூரையை வெட்டிக் குளிக்கத் தொட்டி செஞ்சீங்களே, அது. கடைசில 'அன்பைத் தவிர வேறெதுவும் அறியாத கை உன் கை'ன்னு முடிச்சிருந்தேன். அந்த ரெண்டு வரியைத்தான் எடுக்கச் சொல்றாங்க."

"அது பொய்யில்ல?"

"பொய்தான்."

"ஏன் எழுதின?"

"நீங்க கூட்டத்துல உக்காந்திருப்பீங்களேன்னு."

டிங்கர் முழங்காலுக்கு நடுவிலிருந்து கைகளை எடுத்தார். பிறகு, "பட்டி பூசியிருக்க" என்றார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதை நான் செய்யலாம். நீ செய்யக்கூடாது. நீ செய்யலன்னுதானே அன்னைக்கு அடிச்சேன்."

மத்தியான இடைவேளையில் இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். அவள் ஒரு புகார்த் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். அடித்து அடித்து எழுதினாள். ஓர் இடத்தில் அவளுக்கே முகம் மலர்ந்தது.

"இதைக் கேளுங்கப்பா. நீங்க தகரத்தைத் தட்டும்போது உள்பக்கம் ஒரு கைல இரும்புக் கட்டையை வெச்சுத் தாங்குவீங்க. வெளிப்பக்கம் இன்னொரு கையால அடிப்பீங்க. என்னையும் அப்படித்தான் உள்ளே ஒரு கை தாங்கிச்சு, வெளியே ஒரு கை அடிச்சுதுன்னு எழுதலாம். நல்லா வருதுல்ல?"

"வேண்டாம்."

"ஏம்ப்பா?"

"அது தகரத்துக்கு. உன்னை அடிச்சப்ப உள்ளே என் கை இல்ல. கோவம் மட்டும்தான் இருந்துச்சு. அடிச்சவனுக்கு நீயே சாக்குத் தேடிக் குடுக்காத."

அவள் அந்த வரிகளின் குறுக்கே கோடு போட்டாள்.

"இன்னொண்ணு" என்றாள் எழுந்திருக்கும்போது. "மன்னிச்சிட்டேன்னு இதுல எங்கயும் வராது."

"நான் கேக்கலியே" என்றார் டிங்கர்.

*

வீட்டில் அத்தையிடம் வாசித்துக் காட்டியிருக்கக் கூடாது. காட்டிவிட்டாள்.

"அடியே, ஊரைக் கூட்டி வெச்சு உங்கப்பன் மானத்தை ஏலம் போடப் போறியா? நாளைக்கு நான் கடைத்தெருவுல எந்த மூஞ்சியோட நடக்கறது?"

"இருக்கற மூஞ்சியோட நடங்க அத்தை" என்றான் சின்னவன். கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"நீ வாயை மூடு. பெத்த அப்பனை 'நீ'ன்னு வேற எழுதி வெச்சிருக்கா. மரியாதை தெரிஞ்ச பொண்ணு எழுதற எழுத்தா இது?"

"கவிதைல அப்படித்தான் வரும்போல" என்றார் டிங்கர் சட்டை மாற்றிக்கொண்டே.

அத்தை அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணா, உங்களுக்குப் புத்தி கித்தி கலங்கிடுச்சா? அவ உங்களைக் கொடுமைக்காரன்னு சொல்றா."

"தொட்டி செஞ்சேன்னும் சொல்றா."

"அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க."

"அதை மட்டும் சொன்னா நான் பாதி ஆளு" என்றார் டிங்கர். "நீ வரியா, வரலியா?"

அத்தை புடவை மாற்ற உள்ளே போனாள். வராமல் இருந்துவிட்டு மறுநாள் மற்றவர்கள் சொல்லிக் கேட்டுக்கொள்கிற பொறுமை அவளுக்குக் கிடையாது.

*

நூலகத்து மாடி நிரம்பியிருந்தது. விழாச் செயலாளர் சட்டைப்பையில் இரண்டு பேனா செருகிக்கொண்டு வாசலிலேயே நின்றார். பெரியவள் நீட்டின புதுத் தாளை வாங்கிப் படித்தார். முகம் கோணிப்போயிற்று.

"இது நாங்க தேர்வு பண்ண கவிதை இல்லையேம்மா."

"அதேதான் சார். திருத்தியிருக்கேன்."

"ரெண்டு அடியை எடுக்கச் சொன்னா ரெண்டு அடியைச் சேத்துக்கிட்டு வந்திருக்கீங்க."

"இருபதுக்குள்ள இருக்கான்னு எண்ணிப் பாருங்க சார். பதினெட்டுதான்."

அவர் நிஜமாகவே எண்ணினார். விதி என்று ஒன்றைப் போட்டவர்கள் கடைசியில் அதிலேயே மாட்டிக்கொள்வார்கள். வேறு வழியில்லாமல் உள்ளே விட்டார். ஆனால் கடைசி ஆளாக வைத்தார். அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள் என்ற கணக்கு.

ஒவ்வொருவராக ஏறினார்கள். அன்று அந்த மேடையில் ஏறின அப்பாக்கள் எல்லாரும் மலை. மலையாக இல்லாதவர்கள் வானம். ஒருத்தர் தன் அப்பாவைக் கலங்கரை விளக்கம் என்றார். ஒரு அப்பாவுக்கும் மூக்கு கிடையாது, முன்கோபம் கிடையாது. இவர்களெல்லாம் எந்த வீட்டில் வளர்ந்தார்களோ தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவுக் கைதட்டல் விழுந்தது, கிளம்பும் நேரத்தில் கதவைச் சாத்துவது போல.

பெரியவள் முறை வந்தது. டிங்கர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சின்னவன் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றான்.

அவள் குரல் முதலில் நடுங்கியது. கால்கள் அசையவில்லை.

பழைய கார் ஒன்றின் கூரையை அறுத்து
எனக்குக் குளிக்கத் தொட்டி செய்தாய்.
ஓரம் என்னைக் கிழிக்குமோ என்று
உன் கன்னத்தை அதில் வைத்துத்
தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாய்.
இது எனக்குத் தெரியும், அத்தை சொன்னாள்.

வந்தவர் எதிரில் ஒரு நாள்
உண்மை ஒன்றைச் சொன்னேன்.
அந்தக் கன்னத்துக்காரன்தான் அடித்தான்,
என் கன்னம் தாங்குமா என்று பார்க்காமல்.
இதுவும் எனக்குத் தெரியும், யாரும் சொல்ல வேண்டாம்.

உள்ளே ஒரு கை தாங்கியிருக்க
வெளியே ஒரு கை அடித்தது என்று
எழுதப் பார்த்தேன். அதை நீயே அடித்துவிட்டாய்.

வலது கன்னம் தொட்டியை நினைக்கிறது.
இடது கன்னம் கையை நினைக்கிறது.
ஒரே முகத்தோடு
உன் எதிரே நிற்கிறேன்.

கைதட்டல் வரவில்லை. ஒரு நாற்காலி கிரீச்சிடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

செயலாளர் அவசரமாக ஓடிவந்து மைக்கைப் பிடித்தார். "கவிஞர்களுக்குக் கற்பனை வளம் அதிகம் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே. நிஜத்தில் எந்தத் தந்தையும் இப்படி..."

"கற்பனை இல்ல சார்."

பின்னாலிருந்து வந்த குரலுக்கு எல்லாத் தலைகளும் திரும்பின. டிங்கர் எழுந்து நின்றார்.

"நான்தான் அந்த அப்பன். தொட்டி செஞ்சதும் நான்தான், அடிச்சதும் நான்தான். இந்தக் கைதான். அந்தக் காது இன்னைக்கும் கேக்கல. அவ ஒண்ணும் கூட்டிச் சொல்லல. குறைச்சுத்தான் சொல்லியிருக்கா."

சொல்லிவிட்டு உட்காரவில்லை. உட்காரலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. மேடையில் நிற்கிற பெண்ணைப் பார்த்தார். அவளும் அவரையே பார்த்தாள். அத்தை இல்லாமல், யாரும் நடுவில் இல்லாமல், அவ்வளவு பெரிய கூட்டத்தில் அவர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

முன் வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் செயலாளரைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"தம்பி, நீ கீழ இறங்கு. அந்தப் பொண்ணை மறுபடி படிக்கச் சொல்லு."

"நேரம் இல்லைங்க ஐயா."

"கலங்கரை விளக்கத்துக்கு நேரம் இருந்துச்சே."

கூட்டம் சிரித்தது. சிரிப்போடு நாலைந்து இடத்திலிருந்து "மறுபடி, மறுபடி" என்று குரல் வந்தது. செயலாளர் மைக்கை விட்டுவிட்டு நகர்ந்தார்.

இந்தக் கதையைச் சொல்கிற நான் கைதட்டலை நம்புகிறவன் இல்லை. அது இலவசம். ஆனால் ஒன்றைக் கேட்ட பிறகு இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று ஜனங்கள் சொன்னால், அதில் பொய் கலக்க இடமில்லை.

அவள் மறுபடி வாசித்தாள். இந்தத் தடவை குரல் நடுங்கவில்லை. தாளையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வரியையும் நிறுத்தி, கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். முடித்தபோது முதலில் எழுந்தது யார் என்று தெரியாது. எல்லாரும் நின்றார்கள். அத்தை அழுதுகொண்டே பக்கத்தில் இருந்தவளிடம், "தொட்டி விஷயம் நான் சொன்னதுதான். 'அத்தை'ன்னு வருதுல்ல, அது நான்தான்" என்றாள்.

பரிசு வேறு ஒருத்தருக்குப் போனது. ஒரு மலைக்கு. அதைக் காலையிலேயே முடிவு செய்திருப்பார்கள் என்பது என் சந்தேகம். பரிசு வாங்கினவரோடு படம் எடுத்துக்கொள்ள அவருடைய வீட்டுக்காரர்கள் மட்டும் நின்றார்கள். பெரியவளைச் சுற்றித்தான் கூட்டம். அவள் கையைப் பிடித்துக்கொண்ட ஒரு நடுவயதுப் பெண் எதுவும் பேசாமல் தன் முழங்கையில் இருந்த பழைய தழும்பைக் காட்டினாள். இன்னொருத்தர், தன் மகனிடம் இதைக் கொடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார். டிங்கர் பக்கத்தில் போகவே சிலர் பயந்தார்கள். கைத்தடிப் பெரியவர் மட்டும் வந்து அவர் தோளைத் தட்டிவிட்டு, "எனக்கு எழுந்து நிக்கற தைரியம் இல்லாமப் போச்சு" என்று சொல்லிப் போனார்.

*

நான்கு பேரும் சின்னவனுடைய டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறினார்கள். டிங்கர் முன் சீட்டில், பெண்கள் இரண்டு பேரும் பின்னால்.

"அந்தச் செயலாளர் மூஞ்சியைப் பாத்தீங்களாண்ணா? பதினெட்டு அடிக்கும் பதினெட்டு தடவை வேர்த்துச்சு" என்றாள் அத்தை. கடைத்தெருவில் நாளைக்கு என்னென்ன சொல்லலாம் என்று இப்போதே ஒத்திகை ஆரம்பித்திருந்தாள்.

"பொண்ணு நல்லா படிச்சால்ல?" என்று டிங்கர் அவளிடம் கேட்டார். கேட்டுவிட்டு, தானே திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தார். "நல்லா படிச்சம்மா."

பெரியவள் சிரித்தாள். அவள் அப்படி வாய் நிறையச் சிரித்து வீட்டில் யாரும் பார்த்து எத்தனையோ காலமாயிற்று.

சின்னவன் வண்டியை எடுத்தான். ஒரு தெரு தாண்டியதும் ஓரமாக நிறுத்தினான்.

"என்னடா ஆச்சு?" என்றாள் அத்தை.

அவன் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அக்காவுக்குத் தொட்டி செஞ்சீங்க. அக்காவை அடிச்சீங்க. ரெண்டும் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. சந்தோஷம். என்னைப் பத்தி ஒருத்தன் எழுத உக்காந்தா எழுத என்னப்பா இருக்கு? நீங்க என்னைத் தூக்கினதும் இல்ல, அடிச்சதும் இல்ல. உங்க கை என் மேல பட்டதா எனக்கு ஞாபகமே இல்ல. ஏன்?"

எந்நேரமும் எதையாவது சொல்லிக்கொண்டிருக்கிற அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியவள் அதைக் கவனித்தாள்.

"அத்தை, உங்களுக்குத் தெரியுமா?"

அத்தை வெளியே பார்த்தபடியே, "அண்ணா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றாள்.

"வேண்டாம்" என்றார் டிங்கர். "வீட்டுக்குப் போனா மறுபடி வாய் ஒட்டிக்கும். இன்னைக்குத்தான் திறந்திருக்கு."

மகன் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"என்ஜினை அணைடா. உங்கம்மா போன நாள்லேர்ந்து சொல்றேன்."

சின்னவன் சாவியைத் திருப்பினான்.